சொல்யூஷன் கொட்டின கடைசிப் பாகம்

தேங்காய்ப்பால் ஊற்றி ஆம்பூர் பிரியாணி செய்கிற ஒருத்தியைக் கதாநாயகியாக்கி ஒருவர் நாவல் எழுதியிருக்கிறார். அதுவும் அரை மணி நேரத்தில். அதுவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. எழுதினவர் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள்கூட அடுப்புப் பக்கம் போகாத ஆள் என்று மட்டும் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அந்தப் புத்தகத்தை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை இருபத்திரண்டு வயதில், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது. இரண்டாம் தடவை போன மாதம், வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி பெஞ்சில். முதல் தடவை முழுசாகப் படிக்கவில்லை, கடைசிப் பாகம் கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் போனதில்தான் என் வாழ்க்கை இந்தப் பக்கம் திரும்பியது என்றால் நம்புவீர்களா? எனக்கே போன மாதம்தான் தெரியும்.

அப்போது எங்கள் வீடு மாதனூர் பக்கம். காலையில் ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். ஈரத் தலையோடு, ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் இன்னொரு கையில் சீப்புமாக ஓடுவோம். பஸ்ஸில் ஏறினதும் மல்லிப்பூ வாசனையும் ஐம்பது டப்பாக் குழம்பு வாசனையும் கலந்து ஒரு நெடி அடிக்கும் பாருங்கள், இன்றைக்கும் எங்கேயாவது கூட்டமான பஸ்ஸில் அது வந்தால் எனக்கு இருபத்திரண்டு வயசாகிவிடும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது தோல் பதனிடுகிற ஷெட் நாற்றம் வந்து எல்லா வாசனையையும் அமுக்கிவிடும். அதுவும் சேர்ந்துதான் எனக்கு அந்த வயசு.

எங்கள் வேலை அப்பர் தைப்பது. அப்பர் என்றால் ஷூவின் மேல்பகுதி. முதல் மெஷினில் ஒருத்தி ஒரு தையல் போட்டுத் தட்டில் வைத்துத் தள்ளுவாள், அடுத்தவள் அடுத்த தையல். இப்படியே லைன் முழுக்க வந்து கடைசியில் செக்கிங் டேபிளுக்குப் போகும். கடைசி மெஷின் என்னுடையது. செக்கிங் டேபிளில் ஒரு அக்கா. என்னைவிட நாலைந்து வயசு பெரியவள், குடியாத்தம் ரோட்டில் வீடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண். ஒரு தையல் கோணினாலும் கண்டுபிடிப்பாள். "இன்னாடி இது, பாலாறு மாதிரி வளைஞ்சு போவுது?" என்று என் முகத்துக்கு நேரே அப்பரை ஆட்டுவாள். எனக்கு வரும் கோபத்துக்கு ஊசியை உடைத்துப் போடலாம் போல இருக்கும். ஆனால் மத்தியானம் சாப்பிட அவள் பக்கத்தில்தான் உட்காருவேன்.

சாப்பாட்டு வட்டத்தில் நாங்கள் ஐந்து பேர். டப்பாவைத் திறந்ததும் அவரவர் குழம்பில் ஒரு கரண்டி மற்றவர்களின் மூடியில் வைத்துவிட்டுத்தான் முதல் வாய் எடுக்க வேண்டும், அதுதான் சட்டம். ஒருத்தி கொள்ளுக் கடைசல், ஒருத்தி கருவாட்டுக் குழம்பு. ஆம்பூர் டவுனில் இருந்து வருகிற முஸ்லிம் பெண் சில நாள் பருப்பும் கறியும் போட்ட தாள்சா கொண்டுவருவாள், அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. இத்தனை வாசனைக்கும் நடுவில் எங்கள் விரல்களில் சொல்யூஷன் நாறும். தோலை ஒட்டுகிற பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பாதிப் பேர் ஸ்பூனில் சாப்பிடுவோம், கையால் பிசைந்தால் களியும் சொல்யூஷன், கறியும் சொல்யூஷன்.

அந்த வட்டத்துக்குள் நாவலைக் கொண்டுவந்தது செக்கிங் அக்காதான். மாசம் ஒரு காதல் நாவல், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும். அக்கா வாங்கி வருவாள். ஒரு புத்தகம், ஐந்து பேர். யார் முதலில் படிப்பது என்று முதல் மாசமே சண்டை முற்றி, இரண்டு பேர் பேச்சை நிறுத்தினோம். அக்கா யோசித்தாள். மறுநாள் கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டும் கத்தியை இரவல் வாங்கி, புத்தகத்தின் முதுகில் நாலு வெட்டு போட்டாள். ஐந்து பாகம். வேலை எப்படித் துண்டு துண்டாக லைனில் வருகிறதோ, அதேபோலக் கதையும் வரட்டும் என்பது அவள் கணக்கு. ஒரே ஒரு வித்தியாசம். அப்பர் என்னிடமிருந்து அவளுக்குப் போகும். கதை அவளிடமிருந்து ஆரம்பித்து எனக்கு வந்து, அப்புறம் மேல் மெஷின்களுக்குப் போகும். தட்டில் அப்பருக்கு அடியில் வைத்துத் தள்ளுவோம். சூப்பர்வைசர் வந்தால் மேலே இருக்கிற அப்பரை உற்றுப் பார்ப்பது மாதிரி குனிந்துகொள்வோம். எங்கள் வேலைச் சிரத்தையை அவர் ஒருமுறை மீட்டிங்கில் பாராட்டினார், பாவம்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஷூவைத் துண்டு போட்டுத் தைக்கலாம், கதையைத் துண்டு போட்டால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

சரி, நாவலுக்கு வருகிறேன். கதாநாயகி ஏழை. சமையல்காரரின் மகள். கதாநாயகன் பெரிய ஓட்டல் முதலாளியின் ஒரே பிள்ளை. அவன் வீட்டில் சமைக்கப் போகிறாள். முதல் நாள் கேசரி வைக்கிறாள், தட்டைத் தள்ளுகிறான். இரண்டாம் நாள் மீன் குழம்பு, தள்ளுகிறான். ஒரு பாகத்துக்கு நாலு தட்டு. தள்ளும்போதெல்லாம் அவன் கண்ணில் ஏதோ ஒன்று மின்னி மறைகிறது. "இன்னாது மின்னுது, கரண்ட்டா?" என்பாள் கருவாட்டுக் குழம்புக்காரி. மூன்றாம் பாகத்தில்தான் அந்தத் தேங்காய்ப்பால் பிரியாணி வந்தது. முஸ்லிம் பெண் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தோபா, தோபா! ஆம்பூர் பிரியாணில தேங்காப்பாலா? எங்க வீட்ல யாராச்சும் பாத்தா புக்கையே அடுப்புல வெச்சிடுவாங்க!" கதாநாயகியின் விரல்களில் எப்போதும் ஏலக்காய் மணக்குமாம். நாங்கள் ஐந்து பேரும் விரலை மோந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்தோம், ஆனால் நான் நம்பினேன். அதுதான் விஷயம். அந்த மாசம்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு ஆற்காட்டுப் பக்கம் ஊர். நிலம், டிராக்டர், மாடி வீடு. ஆளும் பார்க்க நன்றாகவே இருந்தார், பொய் சொல்லக் கூடாது. நான் கேசரியும் பஜ்ஜியும் செய்து எடுத்துப் போனேன். ஒரு வாய் வைத்தார். தட்டைக் கீழே வைத்து, ஒரே ஒரு விரலால் தள்ளினார். "இது இன்னா, உங்க கம்பெனி சொல்யூஷனா?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். வெட்கம் கெட்டவள், எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. கேசரி! தட்டு! முதல் நாள்! கதையில் வந்தது அப்படியே நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிறதே என்று பூரித்துப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து அவரும் அவர் அம்மாவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கறிக்குழம்பு வைத்தேன். என் அம்மா கைப்பக்குவத்தைவிட ஒரு மடங்கு மேலாகத்தான் வந்திருந்தது. அதையும் தள்ளினார். "கல்யாணத்துக்கப்புறம் கம்பெனிக்கெல்லாம் போவ வேணாம். சமைக்கக் கத்துக்க டைம் கிடைக்கும்" என்றார். அவர் அம்மா தலையாட்டினாள். அடுத்த ஞாயிறு பூ வைப்பது என்று பேசி முடித்தார்கள். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கு மேல் வேண்டாம் என்றால் ஊரே கேள்வி கேட்கும்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வட்டத்தில் இதை நான் எப்படிச் சொன்னேன் என்கிறீர்கள்! நடித்துக் காட்டினேன். தட்டை விரலால் தள்ளிக் காட்டினேன். "குறை சொல்றவன்தான் உள்ளுக்குள்ள உருகுவான். பாருங்க, அஞ்சாவது பாகத்துல அவன் அவ கால்ல உழப் போறான்" என்று அடித்துப் பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். செக்கிங் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. யாராவது வீட்டுக்காரர் பேச்சை எடுத்தாலே அவள் டப்பா கழுவ எழுந்துவிடுகிறவள். அன்றைக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தாள். "வேலைய உட்ருவியா?" என்று மட்டும் கேட்டாள். "உட்டா இன்னாக்கா? மாடி வீட்ல உக்காந்து சாப்பிடப் போறேன்" என்றேன். என் வாய்க்கு அன்றைக்குச் சூடு போட்டிருக்க வேண்டும்.

அந்த வாரம் நாலாவது பாகம் லைன் முழுக்கச் சுற்றியது. வெள்ளிக்கிழமை அஞ்சாவது பாகம் வர வேண்டும். காலையில் இருந்து நான் டேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு அப்பரில் தையல் கோணிப் போனது, அக்கா திட்டவில்லை. பத்தரை மணிக்கு, "அய்யோ!" என்று ஒரு சத்தம். சொல்யூஷன் டப்பா கவிழ்ந்து, அஞ்சாவது பாகம் மொத்தமும் ஊறிப் பாறை மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கத்தைப் பிரித்தால் இன்னொரு பக்கம் கிழிகிறது.

மத்தியானம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து அவளை வறுத்து எடுத்துவிட்டோம். "கண்ணு எங்க இருந்துச்சு? ஊசித் துளை கோணினா தெரியுது, டப்பா தெரியலையா?" என்று நான்தான் ஜாஸ்தி கத்தினேன். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"நான் பஸ்லயே படிச்சி முடிச்சிட்டேன்டி. கேளுங்க. கடைசி நாளு அவ வெறும் ரசமும் சோறும் செஞ்சு வெக்கிறா. அவன் தள்றான். இவ ஒண்ணும் பேசல. அந்தத் தட்ட எடுத்துக் கழுவி வெச்சிட்டா. வேற ஒரு தட்டு எடுத்தா. அவனுக்கு எதிரவே உக்காந்து, தனக்குப் போட்டுக்கினு, வயிறு நெறைய சாப்ட்டா. கை கழுவினா. பையத் தூக்கிக்கினு போய்ட்டா. அவ்ளோதான். முற்றும்."

"அப்போ அவன்?" என்றாள் முஸ்லிம் பெண்.

"அவன் இன்னா ஆனான்னு எழுதல. பசிச்சா எழுந்து சாப்ட்டிருப்பான்."

"அவனுக்கு அவ மேல ஆசை இல்லியா? கண்ணுல மின்னிச்சே?" என்றேன் நான். குரல் எனக்கே அழுகையாக வந்தது.

"அவன் தட்டத்தான் தள்ளினான், வேற ஒண்ணும் இல்ல. அவளா நெனச்சிக்கினா" என்றாள் அக்கா, டப்பாவை மூடிக்கொண்டே.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அழுதேன். கதைக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்தேன். அவளா நெனச்சிக்கினா, அவளா நெனச்சிக்கினா என்று பஸ் குலுங்குகிற குலுங்கலில் எல்லாம் அந்த ஒரு வரிதான் ஓடியது. ஆற்காட்டு மாப்பிள்ளையின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கண்ணில் ஏதாவது மின்னிற்றா? எத்தனை யோசித்தும், பஜ்ஜி எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் வேண்டாம் என்று சொன்னேன். அம்மா முதலில் சிரித்தாள், அப்புறம் கையை ஓங்கினாள். "காரணம் சொல்லுடி!" நாவலில் இப்படி முடிந்தது என்றா சொல்ல முடியும்? "தட்ட தள்றாரு" என்றேன். "அது ஒரு காரணமா? உங்கப்பன் தள்ளாத தட்டா?" என்று அம்மா கத்தினாள். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. "அவளுக்கு வேணான்னா உடு. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றார். ஆற்காட்டில் போய் என்ன ஏச்சு வாங்கினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா செத்து எட்டு வருஷமாகிறது. ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

வேலையை விடவில்லை. நாலு வருஷம் கழித்து, கம்பெனி பஸ்களுக்கு டிரைவர் அனுப்பும் ஆபீசில் இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். அவர் எதைப் போட்டாலும் சாப்பிடுவார். "நல்லா இருக்குதா?" என்றால் "இருக்குது" என்பார். கம்மியா ஜாஸ்தியா என்று ஒன்றும் வராது. முப்பது வருஷத்தில் இது எனக்குப் பெரிய பேஜார்தான். ஆனால் ஒரு நாள் நான் ஜுரத்தில் படுத்தபோது குழைந்துபோன சோற்றைக் கொண்டுவந்து, தானும் என் கூட உட்கார்ந்து அதையே தின்றார். நான் இப்போது அதே மாதிரி ஒரு கம்பெனியில் புதிதாகச் சேருகிற பெண்களுக்குத் தையல் பழக்குகிறேன். என் சம்பளத்தில் பிள்ளைகள் படித்தார்கள். பெரிசாக ஒன்றுமில்லை, ஆனால் என்னுடையது.

போன மாதம் அவருக்குக் கண் பார்க்க வேலூர் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். டீ வாங்க வெளியே வந்தேன். நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பியிருந்தார்கள். கரண்டி பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுகிற பெண் படம் போட்ட அட்டை. அட, எங்கள் தேங்காய்ப்பால் பிரியாணிக்காரி, இவளா! டீயை மறந்துவிட்டுப் புத்தகத்தோடு வந்தேன்.

"இன்னா படிக்கிற?" என்றார், கண்ணை மூடியபடி.

"பழைய கதை. சும்மா இருங்க."

"எனக்கும் சொல்லேன். எப்படியும் சும்மாதான உக்காந்திருக்கேன்."

முன்னால் இருந்ததை நாலு வரியில் சொல்லிவிட்டு, கடைசிப் பகுதியைச் சத்தமாகப் படித்தேன். இந்தத் தடவை முழுசாக இருந்தது. அவனுக்கு மஞ்சள் காமாலை வருகிறது. டெல்லியில் நடக்கும் சமையல் போட்டியை விட்டுவிட்டு அவள் ஓடி வருகிறாள். ரசம் சோறு ஊட்டுகிறாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். 'முதல் நாள் கேசரியே அமுதமாக இருந்தது கண்ணே, சொன்னால் உனக்குத் திமிர் வந்துவிடும் என்றுதான் சொல்லவில்லை' என்கிறான். அவள் அவன் பாதத்தைத் தொட்டு, இனி இந்தக் கரண்டி உங்களுக்கு மட்டும்தான் என்கிறாள். முற்றும்.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். எதிர் பெஞ்சில் கண்ணை மூடியிருந்தவர்கள்கூடத் திறந்து பார்த்தார்கள்.

"ஏன், நல்லாத்தான இருக்குது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்ககிட்ட கேட்டேன் பாருங்க!" எழுதினவர் மேல் வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைக் கிழித்துப் போடத்தான் போனேன். அப்போதுதான் உறைத்தது. பாதம் தொடுகிறாளே. பையைத் தூக்கிக்கொண்டு போகவில்லையே. தனக்கு ஒரு தட்டு எடுத்துப் போட்டுக்கொள்ளவே இல்லையே. மறுபடி பக்கம் பக்கமாகத் தேடினேன். எங்கேயும் இல்லை.

வராண்டாவுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். காவேரிப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வதுதான். நடுவில் போன் வந்ததும் பயந்துவிட்டாள். "இன்னாடி, யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. அந்த அஞ்சாவது பாகத்து மேல சொல்யூஷன் எப்படிக் கொட்டுச்சு?"

அக்கா சிரித்தாள். "இத்தினி வருஷம் கழிச்சு போலீஸ் வந்திருக்குதா?"

"நீயாவா கொட்டின?"

"ஆமா. நெறைய கொட்டணும்னு ரெண்டு டப்பா கொட்டினேன். சூப்பர்வைசர் கிட்ட ஒருபாடு திட்டு."

"அந்த முடிவு?"

"பஸ்ல வரும்போது நெனச்சி வெச்சேன். நல்லா இல்லியா?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன். "ஏன்க்கா அப்படிப் பண்ண? என்னைக் கூப்பிட்டு நேராவே சொல்லி இருக்கலாமே?"

"நேரா சொன்னா நீ கேப்பியா? உன் வாய்க்கு நான் பதில் சொல்லி முடியுமா?" என்றாள். அப்புறம் குரல் மெல்லமாகியது. "அவன் தட்டத் தள்ளினத நீ சிரிச்சிக்கினே நடிச்சுக் காட்டினியே. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல. நானும் அது மாதிரி கதைங்க படிச்சிட்டுத்தான்டி கட்டிக்கினேன். இன்னிக்கு அழுவாரு, நாளைக்கு அழுவாருன்னு பாத்துக்கினே இருந்தேன். இருபத்தெட்டு வருஷம். ஆஸ்பத்திரியில கடைசியா ஊட்டின கஞ்சியையும் தள்ளி உட்டுட்டுத்தான் போனாரு."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன்க்கா. ரசமும் சோறும் நான் வெக்கிறேன், நீ ரெண்டு தட்டு எடுத்து வை" என்றேன்.